குறிலில் முடியும் பெயர்கள்

நான் பிறந்து வளர்ந்தது திருச்சுழிப் பக்கம். ஆனால் இருபத்திரண்டு வயது வரை எனக்குத் திருச்சுழி என்று சொல்ல வராது. 'திருச்சுளி' என்பேன். பஸ் கண்டக்டர் அப்படித்தான் கூவுவார். எங்கள் பள்ளி வாத்தியார்களில் பாதிப் பேர் அப்படித்தான் சொன்னார்கள். அது தவறென்று எனக்குச் சொன்னது சென்னையில் இருக்கும் ஓர் ஒலிநூல் நிறுவனம். குரல் வேலைக்கு நான் அனுப்பிய மாதிரிப் பதிவைத் திருப்பி அனுப்பி, 'ழகரம் சரியில்லை' என்று ஒரே வரியில் எழுதியிருந்தார்கள்.

மூன்று மாதம் விடாமல் பழகினேன். ஷேர் ஆட்டோவில் ஓரமாக உட்கார்ந்து, நாக்கை உள்ளே மடித்து, மேலண்ணத்தைத் தொடவிடாமல், வாழை, கூழ், உழவு என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு வருவேன். எதிரில் இருந்தவர்கள் மந்திரம் சொல்கிறேன் என்று நினைத்திருக்கலாம். இரண்டாவது பதிவை ஏற்றுக்கொண்டார்கள். அன்றிலிருந்து கதை வாசிப்பதுதான் என் தொழில்.

கல்யாணத்துக்குப் பிறகு குடிவந்தது அருப்புக்கோட்டையில். இருபுறமும் விசைத்தறி ஓடும் தெரு. உள்ளறையில் போர்வைகளைத் தொங்கவிட்டு, தறி நிற்கும் மதிய நேரத்திலும், மாதத்துக்கு ஒருமுறை பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தும் நாட்களிலும் பதிவு செய்வேன். தெருவே கரண்ட் இல்லை என்று அலுத்துக்கொள்ளும் நாளில் நான் மட்டும் மடிக்கணினியில் சார்ஜ் ஏற்றி வைத்துக்கொண்டு சந்தோஷமாக இருப்பேன்.

போன தை மாதம் ஒரு பெரிய நாவல் வந்தது. வெளிநாட்டு ஆசிரியர் ஒருவர் எழுதியதன் தமிழ் மொழிபெயர்ப்பு. எல்ஃப் என்னும் ஓர் இனத்தைப் பற்றிய கதை. கூர்மையான காதுகளும் நீண்ட ஆயுளும் கொண்ட காட்டு மக்கள் அவர்கள். அவர்களுக்கென்று ஒரு மொழியையே ஆசிரியர் உண்டாக்கியிருந்தார். பெயர்கள் எல்லாம் அந்த மொழியில்தான். கதையின் நாயகன் பெயர் வெழினா. அவனுடைய அக்கா ஓரிமே. அவர்களின் அரசன் கெலதூ. 'வெழினா'வில் ழகரத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. இப்போது அது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. மூன்று வாரத்தில் பதினாறு அத்தியாயங்களை முடித்து அனுப்பிவிட்டேன்.

பதினேழாவதில் தடுக்கியது. போர் முடிந்து ஓரிமே ஆற்றங்கரைக்கு வருகிறாள். படகில் வந்த வீரர்கள் தலைகுனிந்து நிற்கிறார்கள். அவள் தம்பியின் பெயரைச் சொல்கிறாள். உடனே கரையில் இருந்த அத்தனை பேரும் மண்டியிடுகிறார்கள். அத்தியாயம் அதோடு முடிந்துவிடுகிறது. நான்கு முறை வாசித்துப் பார்த்தேன். பெயரைச் சொன்னதற்கு ஏன் மண்டியிட வேண்டும்? அதற்கு முன்பு நூறு தடவை அந்தப் பெயரைச் சொல்லியிருக்கிறாளே. என்ன நடந்தது என்று தெரியாமல் அந்த இடத்தை எப்படி வாசிப்பது?

தயாரிப்பாளரிடம் ஆங்கில நூலைக் கேட்டேன். அவர் சென்னையில் இருக்கும் இளைஞர், எப்போதும் அவசரத்தில் இருப்பவர். மறுநாள் அனுப்பினார். அதன் கடைசியில் தமிழ்ப் பிரதியில் இல்லாத பின்னிணைப்பு ஒன்று இருந்தது. பெயர்களின் உச்சரிப்பும் பொருளும். வெழின என்றால் இலை விழுவதைக் கேட்பவன். ஓரிமெ என்றால் ஆற்றின் இரண்டாம் வளைவு. அதற்குக் கீழே ஒரு விதி. உயிரோடிருப்பவரின் பெயர் எப்போதும் குறிலில்தான் முடியும். வாழ்க்கை மீதமிருக்கிற வரை பெயரும் பாதியில் நிற்க வேண்டும் என்பது அந்த மக்களின் நம்பிக்கை. ஒருவர் இறந்ததும், அவருடைய இரத்த உறவு ஒருவர் கடைசி எழுத்தை முதல் தடவையாக நீட்டிச் சொல்வார். பெயர் அப்போது முடிந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் அப்படி நீளும் எழுத்தின் தலையில் ஒரு சிறு கோடு போட்டிருந்தார்கள்.

ஆற்றங்கரையில் அவள் சொன்னது அதுதான். தம்பி செத்துவிட்டான் என்பதை அந்த ஓர் எழுத்தால் சொல்கிறாள். தமிழிலோ எல்லாப் பெயரும் முதல் பக்கத்திலிருந்தே நெடிலில் இருந்தன. நான் வாசித்து அனுப்பிய பதினாறு அத்தியாயங்களில் நடந்தவர்கள், சிரித்தவர்கள், சண்டை போட்டவர்கள் அத்தனை பேரும் அந்த மொழிப்படி பிணங்கள்.

தயாரிப்பாளரை அழைத்து, முழுக்கத் திருத்த வேண்டும் என்றேன்.

"மேடம், கேக்கறவங்க வண்டி ஓட்டிக்கிட்டே கேப்பாங்க, பாத்திரம் தேச்சுக்கிட்டே கேப்பாங்க. கடைசி எழுத்து நீளமா குட்டையான்னு யாரு கவனிக்கப் போறாங்க?"

"அப்ப அந்தப் பதினேழாவது அத்தியாயம் எதுக்கு சார் இருக்கு?"

"எல்லாரும் மண்டி போடுறாங்கல்ல. புரிஞ்சுக்குவாங்க."

"வாசிச்ச எனக்கே புரியலையே."

சித்திரை மாதம் வெளியீடு என்று அறிவித்தாகிவிட்டது, ஒரு நாள்கூடத் தள்ள முடியாது என்றார். தேதியைத் தள்ள வேண்டாம், அதற்குள் முடித்துத் தருகிறேன் என்றேன். "உங்க இஷ்டம் மேடம். ஆனா ட்ரெய்லர் போயிருச்சு. அதை மாத்த முடியாது" என்று வைத்துவிட்டார்.

அடுத்து மொழிபெயர்ப்பாளர். பணி ஓய்வு பெற்றவர், பேச்சில் நிதானம் உள்ளவர். அவரையும் அழைத்து விஷயத்தைச் சொன்னேன்.

"எனக்குப் பின்னிணைப்பு வரலம்மா. அத்தியாயம் அத்தியாயமாத்தான் அனுப்புனாங்க. அந்தக் கோடு ஒரு சில இடத்துலதான் இருந்தது. அச்சுப் பிழைன்னு நெனச்சேன்." பிறகு கொஞ்சம் முறுக்காகவே கேட்டார்: "அதுவும் போக, தமிழ்ல ஒரு ஆள் பேரு அகரத்துல நிக்குமா? வெழினன்னு சொன்னா, வெழின என்னன்னு கேப்பாங்க. வந்த, போன, நல்ல மாதிரி பாதியில தொங்கும்."

"அப்படித் தொங்கணும்னுதான் சார் அந்தப் புத்தகத்துல போட்டிருக்கு."

"அந்தப் பக்கத்தை எனக்கு அனுப்பும்மா" என்றார். இரண்டு நாளில், யார் எந்த அத்தியாயத்தில் உயிரோடு இருக்கிறார், யார் இறந்தவர் என்று பிரித்து, ஒவ்வொரு பெயரையும் திருத்தி ஒரு முழுப் பட்டியலை அனுப்பினார். என்னைவிட அவருக்குத்தான் அது அதிகம் வலித்திருக்க வேண்டும். பட்டியலில் ஒரு பிழைகூட இல்லை.

தறி நிற்கும் நேரத்தை மட்டும் நம்பினால் முடியாது என்று தெரிந்துவிட்டது. மைக்கையும் மடிக்கணினியையும் பையில் போட்டுக்கொண்டு, எம்.ரெட்டியபட்டியில் இறங்கி நடக்கிற தூரத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போனேன். எங்கள் ஆட்கள் ஒரு காலத்தில் கூலிக்குப் போனவர்கள். இப்போது அப்பா கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பருத்தி போடுகிறார். மாசி மாதம், பருத்தி எடுப்பு நேரம். பின்னறையில் எடுத்த பருத்தி இடுப்புயரம் குவிந்து கிடந்தது. கைதட்டிப் பார்த்தேன். சத்தம் விழுந்த இடத்திலேயே அடங்கிற்று. அப்படி ஓர் அறை எந்த ஸ்டுடியோவிலும் எனக்குக் கிடைத்ததில்லை. மயில் அகவினால் மட்டும் நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

திருத்தம் நான் நினைத்ததைவிடக் கடினமாக இருந்தது. எந்தப் பெயரையும் நீட்டி முடிப்பதுதான் நம் வாய்க்குப் பழக்கம். வெழின என்று ஆரம்பித்தால் நாக்கு தானாக 'னா'வுக்குப் போகும். ஓரிமெ என்பதை விக்கலைப் போல டக்கென்று நிறுத்த வேண்டியிருந்தது. அரசன் கெலது இன்னும் மோசம். கடைசி உகரத்தை விழுங்கிவிடுவேன். பசு என்று சொல்லி, அந்த உதட்டுக் குவிப்போடேயே கெலது என்று சொல்லிச் சொல்லித்தான் பிடித்தேன். பெயரை மட்டும் வெட்டி ஒட்டினால் குரல் சேரவில்லை. பெயர் வருகிற வாக்கியம் முழுவதையும் வாசிக்க வேண்டும், அதையும் முன்பிருந்த அதே தொனியில். காலையில் ஆறு மணிக்கு உட்கார்ந்தால், வெயில் ஏறி ஓடு காய்கிற வரை. பிறகு சாயங்காலம்.

கடைசியாக ஆற்றங்கரை வந்தது. அங்கேதான் அந்த நெடில். வெழினா. பத்துத் தடவைக்கு மேல் சொல்லிப் பார்த்தேன். எதுவும் சரியில்லை.

வாசலில் தார்ப்பாய் விரித்து நாலைந்து பெண்கள் பருத்தியில் சருகு பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தி என்னோடு பத்தாவது வரை படித்தவள். ஜன்னல் பக்கம் வந்து நின்றாள்.

"ஏ புள்ள, யாரை அவ்வளவு நேரமா கூப்பிடுற?"

"கதையில ஒருத்தன் செத்துட்டான். அவன் அக்கா பேரு சொல்லிக் கூப்பிடுறா."

"செத்தவனை இப்படியா கூப்பிடுவாக? நீ ஆட்டுக்காரனைக் கூப்பிடுற மாதிரில்ல கூப்பிடுற. தூரத்துல நிக்கிறவனைக் கூப்பிட்டா சத்தம் மேல ஏறும், அவன் திரும்பிப் பாக்கணும்ல. செத்தவன் திரும்பவா போறான்? அது கீழதான் போகும்."

சொல்லிவிட்டுத் தார்ப்பாயைப் பார்த்தாள். அவள் தம்பி போன வருஷம் பாலவனத்தம் ரோட்டில் பைக்கில் போகும்போது இறந்தவன். எனக்கு அப்போதுதான் அது உறைத்தது. காலையிலிருந்து அவள் காதில் விழும்படி நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று கூசிப்போனேன். மடிக்கணினியை மூடினேன்.

"நான் நாளைக்கு டவுன்ல போய் எடுத்துக்கிறேன்" என்றேன்.

"எதுக்கு? இங்கயே எடு. எடுக்கிற அன்னைக்கு மட்டும் சொல்லு, நான் பருத்திக் காட்டுக்குப் போயிருறேன்."

மறுநாள் சொன்னேன். மடியைக் கட்டிக்கொண்டு, பருத்தி எடுக்கிறவர்களோடு காட்டுக்குப் போய்விட்டாள். நான் கதவைச் சாத்தினேன். அவள் சொன்னதை நினைத்துக்கொண்டு, திரும்பமாட்டான் என்று தெரிந்த ஒருவனிடம் சொல்வதாக அந்தப் பெயரைச் சொன்னேன். குரல் கீழே இறங்கி, மூச்சு முடிகிற இடத்தில் நின்றது. ஒரே தடவைதான். வெளியே பருத்தி பொறுக்குகிறவர்களின் பேச்சுச் சத்தம் நின்றுவிட்டது. யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால் இரண்டு பெண்கள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"யாரு தாயி தவறுனது? போன் வந்துச்சா?"

யாருமில்லை, கதை என்று விளக்குவதற்குள் எனக்கே கண் கலங்கிவிட்டது. அவர்கள் நம்பாமல் அம்மாவைத் தேடிப் போய்க் கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள்.

அந்தப் பதிவில் கதவு தட்டும் சத்தத்தை வெட்டாமல் அப்படியே தயாரிப்பாளருக்கு அனுப்பினேன். நடந்ததையும் எழுதினேன். அரை மணி நேரத்தில் அழைத்தார். "முன்னாடி நீங்க குடுத்ததையும் இதையும் அடுத்தடுத்து கேட்டேன் மேடம்" என்றார். "திருத்துனது எல்லாத்தையும் அனுப்பிருங்க. எடிட்டிங்குக்கு நான் ஆள் போடுறேன்."

சாயங்காலம் காட்டிலிருந்து வந்த என் சிநேகிதி, கை கால் கழுவிவிட்டுப் பின்னறைக்கு வந்து பருத்தியின் மேல் உட்கார்ந்தாள்.

"அந்தப் பய பேரு என்ன? உசுரோட இருக்கும்போது?"

"வெழின."

"வெழின" என்றாள். ழகரம் வரவில்லை, வெளின என்றுதான் வந்தது. ஆனால் கடைசி எழுத்து, நான் நாள்கணக்கில் மல்லுக்கட்டிய குறில், முதல் தடவையிலேயே கச்சிதமாக நின்றது. "அதுக்கு என்ன அர்த்தம்?"

"இலை விழுற சத்தத்தைக் கேக்குறவன்."

"இங்க எங்குட்டு இலை? எல்லாம் வேலிமுள்ளு" என்று லேசாகச் சிரித்தாள். பிறகு இயர்போனை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டு, "மொதல்ல இருந்து போடு" என்றாள். அன்றைக்கு மூன்று அத்தியாயம் கேட்டாள். பதினேழாவதை எப்போது கேட்டாள் என்று எனக்குத் தெரியாது. 'கேட்டுட்டேன்' என்று மட்டும் பிறகு ஒருநாள் சொன்னாள்.

சொன்ன தேதிக்கு நான்கு நாள் முன்னதாக முடித்துக் கொடுத்தேன். வெளியானது. ட்ரெய்லர் மட்டும் அப்படியே இருக்கிறது. அதில் இன்றும் என் குரல்தான், உயிரோடு குதிரையேறும் ஒருவனை நெடிலில் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது. மாற்றச் சொல்லி மாதம் ஒருமுறை எழுதுகிறேன். பதில் வருகிறதோ இல்லையோ, எழுதுவதை விடுவதாக இல்லை.

போன வாரம் இரண்டாம் பாகத்தை மொழிபெயர்க்க ஆரம்பிக்கும் முன்பே அந்தப் பெரியவர் அழைத்தார். இந்தத் தடவை பின்னிணைப்பைத்தான் முதலில் கேட்டு வாங்கியிருக்கிறார். அதில் மலைவாழ் எல்ஃப்களின் பெயர்கள் புதிதாக வருகின்றன. பட்டியலை எனக்கும் அனுப்பி, வாயில் வருகிறதா என்று சொல்லிப் பார்க்கச் சொன்னார். முதல் பெயரின் நடுவில், மூச்சை உள்ளே இழுத்துச் சொல்ல வேண்டிய ஓர் ஒலி இருக்கிறது. தமிழில் அதற்கு எழுத்து கிடையாது. 'இப்போதைக்கு வரவில்லை, பதினைந்து நாள் கொடுங்கள்' என்று அவருக்கு எழுதியிருக்கிறேன். நேற்று ஷேர் ஆட்டோவில் அதைத்தான் சொல்லிக்கொண்டு வந்தேன்.