கணபதியின் எழுத்து

மாத்தளைக் கடைத்தெருவில் மிளகு விற்க வந்து இத்ரூஸ் நானாவை ஏமாற்றிவிட்டுப் போனவர் யாரும் இல்லை. உள்ளங்கையில் நாலு மிளகை எடுத்துக் கசக்கினால் போதும், யட்டவத்தைச் சரக்கா, பல்லேகமச் சரக்கா, எத்தனை வெயில் கண்டது என்று சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்ட மனிதர், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதாம் ஆண்டு மழைக்காலம் முழுவதும் ஒரு சின்ன இங்கிலீஷ் சொல்லைத் தேடிப் பித்துப் பிடித்தவர் போல அலைந்தார்.

கொழும்புக் கம்பனிக்காரர்கள்தான் ஆரம்பித்து வைத்தார்கள். கடைக்கென்று தந்தி விலாசம் ஒன்று பதிந்துகொள்ளுங்கள், ஒரு சொல்லும் ஊர்ப்பெயரும் போட்டாலே தந்தி வந்து சேரும் என்றார்கள். நானா அதற்கு ஒரு நிபந்தனை சேர்த்தார். அந்தச் சொல்லில் தம் பெயரின் முதல் இங்கிலீஷ் எழுத்தான ‘ஐ’யும் இருக்க வேண்டும், கூட்டாளி கணபதியின் ‘ஜி’யும் இருக்க வேண்டும். தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பிலிருந்து மூட்டை தூக்க வந்த கணபதி, இன்று கடையில் சரிபாதிப் பங்காளி. பெயர்ப்பலகையில் இருவர் பெயரும் இருக்கும்போது தந்தியில் மட்டும் ஒருவரா?

தபால் கந்தோரில் தந்தி கிளார்க் மாணிக்கவாசகம் யோசித்தார்.

“‘ஜின்’ இருக்கு நானா. மூணே எழுத்து.”

“அப்படிண்டா?”

“ஒரு மாதிரிச் சாராயம்.”

“அஸ்தஃபிருல்லாஹ்!”

“இன்னொண்டும் இருக்கு...” கிளார்க் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “வேணாம், அது பன்றி.”

“நீங்க எனக்கு விலாசம் எடுக்கிறீங்களா, நரகத்துக்கு டிக்கட் எடுக்கிறீங்களா?”

பல வாரம் கழித்துக் கடைசியில் ‘ஃபிக்’ கிடைத்தது. அத்திப்பழம்! குர்ஆனில் அல்லாஹ் சத்தியமிட்டுச் சொன்ன பழம். நானா குடையைக்கூட மறந்து கடைக்கு ஓடி வந்தார். ஏலக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த கணபதி தலை நிமிரவில்லை.

“காக்காவும் வௌவாலும் தின்னுற பழம் நானா. வேணாம்.”

மறுநாள் ‘ரிங்’ என்றார், மோதிரம். “நாம என்ன நகைக்கடையா வச்சிருக்கோம்?” என்றான் கணபதி. அதற்கடுத்த நாள் ‘விங்’ என்றார், இறக்கை. கணபதி எழுந்து, மூட்டைகள் அடுக்கியிருந்த உள்ளறைக்குள் போய்விட்டான். நானாவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

வீட்டில் மனைவி நூருன்னிஸாதான் கண்டுபிடித்தாள். “எல்லாச் சொல்லுலயும் ஒங்கட எழுத்து முன்னுக்கு. அவன்ட எழுத்து வாலாத் தொங்குது. மனுசனுக்கு நோகாதா?”

அட, அப்படியா சங்கதி! நானாவின் நெஞ்சு குறுகுறுத்தது. விடிந்ததும் கிளார்க்கிடம் போய், கணபதியின் எழுத்து தலையில் நிற்கிற சொல்லாகக் கேட்டு வாங்கினார். ‘கிஃப்ட்’. அன்பளிப்பு.

“கணபதி! இப்ப நீ முன்னுக்கு, நான் பின்னுக்கு. சந்தோசம்தானே?”

கணபதி அவரையே பார்த்தான். பிறகு அந்த ஆறடி மனிதன் ஏலக்காய்ச் சுளகின் மேல் கவிழ்ந்து, குழந்தையைப் போல விம்மினான்.

“நான் போறேன் நானா. இந்தியாவுக்கு. ரெண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தத்துல எங்களைத் திருப்பி அனுப்புறாங்க, பாஸ்போர்ட் வந்திருச்சு. சொல்லலாம்னு வாயைத் தொறக்கிற நேரமெல்லாம் நீங்க ஒரு சொல்லோட வந்து நிக்கிறீங்க!”

“இந்தியாவுக்கா? நீ இங்க பொறந்தவன். ஒன்ட அப்பன் இங்க பொறந்தவன். திரும்பிப் போற எண்டா, எங்கருந்து வந்தாய் திரும்பிப் போறதுக்கு?”

“அதுதான் எனக்கும் வெளங்கல நானா. என் பொஞ்சாதி கிருஷ்ணம்மாவும் அதையேதான் கேக்குறா.” கண்ணைத் துடைத்துக்கொண்டான். “என் எழுத்தை எடுத்துருங்க. நாளைக்கு ஒரு மூட்டை பூஞ்சணம் பூத்துப் போச்சுன்னா, பேர் போட்டவன்தானே பதில் சொல்லணும்? நான் எங்க இருந்து சொல்லுவேன்?”

நானா அவன் முன்னாலிருந்த சுளகை நகர்த்தி வைத்தார். அவன் கையைப் பிடித்துத் தபால் கந்தோருக்கு இழுத்துப் போனார். கணபதி வேண்டாம் வேண்டாம் என்று மன்றாட, அதே சொல்லைப் பதியச் சொன்னார்.

“அந்தக் கரையில போய் எனக்கு ஒரு தந்தி அடிக்க நெனச்சா, எங்கட விலாசம் முழுக்க எழுத ஒனக்குத் தெரியுமா? இந்தச் சொல்லும் மாத்தளையும் போதும். ஒன்ட எழுத்துல தொடங்குது, மறக்க மாட்டாய்.”

கிளார்க் ஒரு தாளில் நாலு எழுத்தையும் பெரிதாக எழுதிக் கொடுத்தார். கணபதி அவற்றின் மேல் விரலை ஓட்டி ஓட்டிப் பழகினான். பார்த்துக்கொண்டே நின்ற நானாவுக்குத் திடீரென்று ஒன்று உறைத்தது. ஊரில் யார் வீட்டுக்குத் தந்தி வந்தாலும் ஒப்பாரிதானே முதலில் கேட்கிறது? இந்த மனிதனிடமிருந்து தந்தி வர வேண்டும் என்று அல்லாஹ்விடம் துஆ கேட்பதா, வரக்கூடாது என்று கேட்பதா?

“நல்ல சேதிண்டா மட்டும் அடி, என்ன?” என்றார்.

கணபதி விரலை எடுக்காமல் நிமிர்ந்தான். “கெட்ட சேதின்னா நான் யாருக்கு நானா அடிக்கிறது?”

இத்ரூஸ் நானா அந்தத் தாளை அவன் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

“அதுக்கும் அடி,” என்றார்.