ஏஞ்சலின் நீலக் குஷன்

ஊரூர் ஒல்காட் குப்பத்து ஏஞ்சலை எங்கள் மயிலாப்பூர் குடியிருப்பில் எல்லோருக்கும் தெரியும். ஆக்டிங் டிரைவர். கூப்பிட்டால் வந்து நம் காரை ஓட்டிக் கொடுத்துவிட்டுப் போவாள். ஆள் குள்ளம் என்பதால் ஒரு நீலக் குஷனும் கூடவே வரும். வேலை முடிந்ததும் அதைப் பையில் திணித்துக்கொண்டு பஸ் ஏறுவாள். குஷனின் மேல் தன் பெயரையும் போன் நம்பரையும் பெரிதாக எழுதியிருக்கிறாள். விளம்பரமாம்.

தினமும் வேலைக்குப் போய்வர நிலையாக ஒரு வீடு கிடைக்காதா என்பது அவளுடைய நெடுநாள் ஏக்கம். மேல்மாடி நீரஜா மாமி பாட்டு டீச்சர். ஒரு பழைய வெள்ளைக் கார் வைத்திருக்கிறார். "இன்னிக்கு ஓட்டிக் காமி. சரியா இருந்தா தினமும் வந்துடு" என்று சொல்லியிருந்தார். ஏஞ்சல் அன்று இஸ்திரி போட்ட சுடிதாரில் வந்தாள்.

தி. நகரில் மாமியைப் புடவைக் கடையில் இறக்கிவிட்டு, பக்கத்துத் தெருவில் காரை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனாள். மாமி போன் செய்ததும் ஓடினாள். வெள்ளைக் கார் நின்றது, சாவி போட்டதும் திறந்தது. உட்கார்ந்தால் ரோடு தெரியவில்லை. குஷனைக் காணோம். எவனோ திருடிவிட்டான் என்று திட்டிக்கொண்டே துப்பட்டாவைச் சுருட்டிப் போட்டு உட்கார்ந்து கிளம்பிவிட்டாள். நம்பர் பிளேட் என்று ஒன்று எதற்கு இருக்கிறதோ. ஆனால் சாவி திறந்தால் அது நம் வண்டி என்றுதான் நானும் நினைத்திருப்பேன்.

"வண்டி கமகமன்னு இருக்கே, சென்ட் அடிச்சியா?" என்று மாமி கேட்டார். வேலை கிடைக்கப்போகிற நேரத்தில் இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

வீட்டு வாசலில் இறங்கும்போது அவள் போன் அடித்தது. நான் கேட்டருகில்தான் நின்றிருந்தேன். ராயப்பேட்டை ஷரஃபுதீன் என்று ஒருவர்.

"அம்மா, உங்க குஷன் எங்கிட்ட இருக்கு."

"திருடிட்டு போன் வேற பண்றியா?"

"நீங்கதாம்மா என் காரை எடுத்துட்டுப் போயிட்டீங்க. என் சாவி இந்தக் காரையும் திறந்துச்சு. உட்கார்ந்தா தலை மேல இடிக்குது. அப்புறம்தான் குஷனைப் பார்த்தேன்."

ஏஞ்சலுக்கு முகமே செத்துவிட்டது. "மாமி, வேற ஆளு வண்டிய எடுத்துகினு வந்துட்டேன். தப்புதான்" என்று மறைக்காமல் சொன்னாள்.

ஷரஃபுதீன் மாமியின் காரை ஓட்டிக்கொண்டு வந்தார். நல்ல மனிதர், சிரித்துக்கொண்டேதான் இறங்கினார். இரண்டு சாவிகளையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தோம். இரண்டும் இரண்டையும் திறந்தன. இப்போது வரும் கார்களின் சாவிக்குள் சிப் இருக்கிறதாம். பழைய சாவிகளில் வெறும் வெட்டுகள்தான். அதிலும் கொஞ்சம் மாதிரிகளே திரும்பத் திரும்ப வருமாம். தேய்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

அவர் போனதும் ஏஞ்சல் மாமியிடம் சாவியை நீட்டினாள். பிறகு குஷனை எடுத்துப் பையில் திணிக்க ஆரம்பித்தாள்.

"அதை ஏன் எடுக்கறே?" என்றார் மாமி.

"நாளைக்கு வேற எங்கனா வேலைக்குப் போவணுமே மாமி."

"இத்தனை வருஷமா என் கார். நானும்தானே பின்னாடி உக்காந்துண்டு வந்தேன்? வாசனை நன்னாருக்குன்னு வேற சொன்னேன். வை அதை. வண்டியிலேயே இருக்கட்டும்."

ஏஞ்சல் குஷனை டிரைவர் சீட்டில் வைத்து, இரண்டு தரம் தட்டிச் சரி செய்தாள். காலிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள்.