பெரியம்மாவுக்கு அடியில் ஒரு தட்டு

பிஸ்கட் டப்பாவின் மூடியை மேஜைமேல் கவிழ்த்து, அதன் ஓரத்தை மரச்சுத்தியலால் தட்டித் தட்டி மடித்துக்கொண்டிருந்தார் ரிவெட்டு. வயது எழுபத்தாறு. சுத்தியல் பிடித்தால் அந்தக் கையில் நடுக்கமே இருக்காது. ஸ்பூன் பிடித்தால்தான் நடுங்கும். அதுவும் ஊட்டிவிட மனைவி பக்கத்தில் இருந்தால் மட்டும்.

"என்னண்ணே செய்யறீங்க?" என்று கேட்டேன்.

"தட்டு. எதிர்வீட்டு மோட்டார் சைக்கிள் எண்ணெய் ஒழுகுது, அடியில வைக்க."

எதிர்வீட்டில் இருப்பது மிதிக்கிற சைக்கிள். வீட்டோடு வந்து நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி எடுத்தவள் நான். நோயாளி பொய் சொன்னால் சண்டை போடக் கூடாது, கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். இவருக்கு புராஸ்டேட் அறுவை சிகிச்சை முடிந்ததிலிருந்து காலையில் வந்து மாலையில் போகிறேன்.

விமானப்படைக் கொட்டகையில் தகடு அடிக்கும் வேலை பார்த்தவர். ஒல்லியான பையனாகச் சேர்ந்ததால் இறக்கைக்குள் ஊர்ந்துபோய், தகடுகளைச் சேர்க்கும் ரிவெட் ஆணி அடிக்க இவரைத்தான் அனுப்புவார்களாம். பெயரும் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. வேலையை விட்ட பிறகும் பழக்கம் விடவில்லை. பறக்கும் முன் கழற்ற வேண்டிய ஒவ்வொன்றிலும் சிவப்பு ரிப்பன் தொங்கும் என்பது கொட்டகை விதி. இந்த வீட்டில் இஸ்திரிப்பெட்டி பிளக்கில் ஒன்று, குளியலறைக் குழாயில் ஒன்று. என் கைப்பையில்கூட ஒருநாள் ஒன்று தொங்கியது.

அவர் ஆயுள் முழுக்கப் பார்த்துக்கொண்டது ஒரே ஒரு குண்டுவீச்சு விமானத்தை. உருவத்தைப் பார்த்து அதற்குப் பெரியம்மா என்று பெயர். இன்றைக்கு அதை ஓட்டுகிற பெண்ணின் தாத்தாவும் அதையேதான் ஓட்டினாராம்.

"இத்தனை வருஷமா எத்தனை குண்டு போட்டிருக்கா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"என் காலத்துல ஒண்ணுகூட இல்ல. போவா, ஒரு சுத்து சுத்துவா, வருவா."

"அப்படி வேலை கிடைச்சா நானும்தான் நூறு வருஷம் இருப்பேன்."

"இறக்கைத் தோலு மாத்தியாச்சு, வயரு மாத்தியாச்சு, காலு மாத்தியாச்சு. உனக்கு யாரு மாத்துவா?"

"அவளுக்கு மாத்தின ஆளு எங்க வீட்டுக் கதவுத் தாழ்ப்பாள இன்னும் மாத்தல," என்றார் அக்கா உள்ளேயிருந்து. அக்கா என்றால் அவர் மனைவி.

பெரியம்மாவுக்கு இப்போது புது எஞ்சின்கள் போட்டிருக்கிறார்கள். இன்னும் முப்பது வருஷம் ஓட்டப்போகிறார்களாம். மறுநாள் காலை முதல் ஓட்டம். முன்சக்கரத்துப் பூட்டு ஊசியை, அதன் சிவப்பு ரிப்பனைப் பிடித்து உருவும் கடைசி வேலையை ரிவெட்டுதான் செய்ய வேண்டும் என்று கொட்டகையிலிருந்து அழைத்திருந்தார்கள். அதற்காகவே அறுவை சிகிச்சையைச் சீக்கிரம் முடித்துக்கொண்ட மனுஷன், இரண்டு நாளாக வரமாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"எனக்கு அறுபதுல பூச்செண்டு குடுத்து வெளிய அனுப்பிட்டாங்க. அவளுக்கு மட்டும் புது எஞ்சின். அவகிட்ட எனக்கென்ன பேச்சு?"

"தாலி கட்டினவ மாதிரி கோவிச்சுக்கிறாரு பாரு," என்றார் அக்கா. நம்பிவிட்டார். நான் நம்பவில்லை. முந்தின நாள் சாயந்திரம்தான் அவர் சட்டையைத் தானே இஸ்திரி போட்டு வைத்திருந்தார்.

தட்டு முடிந்தது. ஓரம் வழவழவென்று, மூலையில் சின்னதாக ஒரு மூக்கு. தேநீர் போட நான் அடுப்படிக்குப் போனேன். திரும்பி வந்தபோது தட்டு எதிர்வீட்டுக்குப் போகவில்லை. அவருடைய பிரம்பு நாற்காலிக்கு அடியில், சரியாக நடுவில் இருந்தது. அதில் பால் இருந்தது. பூனை குடித்துக்கொண்டிருந்தது.

"யாரு இதுல பால் ஊத்தினது?" என்று கத்தினார்.

"நான்தான். பூனைக்குன்னுதானே செஞ்சீங்க? எவ்வளவு அழகா மூக்கெல்லாம் வச்சு!" அக்காவுக்கு உச்சி குளிர்ந்துபோயிருந்தது.

"பூனைக்கு இல்ல!"

"பின்ன யாருக்கு?"

அவர் சுத்தியலைக் கையில் எடுத்துக்கொண்டார். காது இரண்டும் சிவந்துவிட்டன. பூனை மட்டும் தன் வேலையைப் பார்த்தது.

அக்காவைத் துணி எடுக்க மாடிக்கு அனுப்பிவிட்டு, எதிரே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.

"எத்தனை தடவை ஆச்சு?"

"என்னது?"

"அண்ணே, உங்க துணிய ஊற வைக்கிறது நான்."

சுத்தியலைக் கீழே வைத்தார். "இருமினா வருது. சிரிச்சா வருது. நாளைக்கு ரெண்டு மணி நேரம் நிக்கணும், அத்தனை பேரு முன்னாடி. வெள்ளை பேன்ட் வேற."

"இந்த ஆபரேஷனுக்கு அப்புறம் எல்லாருக்கும் கொஞ்ச நாள் இப்படித்தான். டயப்பர் போட்டுக்கிட்டா தெரியாது. கட்டே வாங்கி வச்சிருக்கேன், நீங்கதான் அலமாரிக்குப் பின்னால தள்ளி விட்டுட்டீங்க."

"குழந்தைக்குப் போடறதையா நான் போடணும்?"

"பெரியம்மா தரையில நிக்கும்போது அடியில என்ன வைப்பீங்க?"

முதல் வாரத்தில் என்னிடம் பெருமையடித்தது அவரேதான். பெரியம்மாவுக்கு அடியில் எப்போதும் தட்டு இருக்கும். எண்ணெய் சொட்டினால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். சொட்டு நின்றால்தான், உள்ளே எண்ணெய் இருக்கிறதா என்று ஓடிப்போய்ப் பார்ப்பார்கள்.

"அவ சொட்டறான்னு யாராவது பறக்க விடாம வச்சாங்களா?"

"அவ விமானம்."

"டயப்பரும் தட்டுதான். கட்டிக்கிட்டுப் போகக்கூடிய தட்டு. எது வேணும், சொல்லுங்க. நாற்காலிக்கு அடியில பூனை தட்டா? இல்ல, நான் வாங்கி வச்சதா?"

"உனக்கு வாய் ஜாஸ்தி," என்றார். மாட்டேன் என்று சொல்லவில்லை.

மறுநாள் காலை சீக்கிரமே போனேன். அக்காவிடம் ராத்திரியே அவரே சொல்லிவிட்டாராம். குளியலறைக்குள் டயப்பரை நீட்டிவிட்டு வெளியே நின்றேன். உள்ளே வெகுநேரம் சரசரப்பு, நடுவில் ஒரு வசவு. வெள்ளை பேன்ட்டில் வெளியே வந்து ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார். வெளியே ஒன்றும் தெரியவில்லை. அக்கா தரையில் கிடந்த சிவப்பு ரிப்பனை எடுத்து நீட்டினார்.

"இதையும் கட்டிவிடட்டுமா? கழட்ட மறந்துட்டா?"

"இது கழட்டற சாமான் இல்லடி. இதோடதான் பறக்கணும்."

ஓடுதளத்தில் பெரியம்மா மூன்று மாடி வீடு மாதிரி நின்றாள். எஞ்சினைக் கிளப்பும் முன், அவரோடு அக்காவையும் என்னையும் கிட்டே வர விட்டார்கள். ரிவெட்டு முதலில் குனிந்து பார்த்தது அடியில் இருந்த தட்டை. விரலால் தொட்டு, மோந்து பார்த்தார்.

"சொட்டுது," என்றார் திருப்தியாக.

அக்கா அவர் காதோரம் சாய்ந்தார். "எது, அவளா, நீங்களா?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கவில்லை, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

"இப்ப ரெண்டு பேருமேதான்," என்று சொல்லிவிட்டு, தட்டைக் காலால் ஓரம் தள்ளி, ஊசியை ஒரே இழுப்பில் உருவி, சிவப்பு ரிப்பனை, மேலே விமானி இருக்கையில் இருந்த அந்தப் பெண்ணுக்குத் தெரியும்படி தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார்.