தண்ணீர் நிற்கிற நேரம்

படகில் யார் யார் இருந்தோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். படகின் சொந்தக்காரர், வயதான அரபி, பின்னால் இன்ஜினுக்குப் பக்கத்தில். கடைக்காரர், கீழக்கரைப் பக்கத்து பாய், நடுவில். அரபி பேசத் தெரிந்தவர் அவர்தான். நாகப்பட்டினம் கடற்கரைக்காரன் ஒருவன், முன்னால், தூண்டில் அவன் கையில். கேம்ப்பில் என் தலைக்கு மேல் கட்டில் அவனுடையது. பிறகு நான். சென்ட்ரிங் வேலை. சொந்த ஊர் பெரம்பலூர்ப் பக்கம். ஏரியைத் தவிர வேறு தண்ணீர் பார்க்காதவன். படகில் கசிகிற தண்ணீரை டப்பாவால் மொண்டு ஊற்ற என்னைக் கூட்டிப்போனார்கள்.

துபாய். எழுபதுகளில் ஒரு குளிர்காலம். வெள்ளிக்கிழமை.

நாகப்பட்டினத்துக்காரன் பிறந்ததிலிருந்து கடலில் இருந்தவன். விசாவில் ஹெல்ப்பர் என்று போட்டிருந்தது. ஹெல்ப்பர் என்றால் சிமெண்ட். மூட்டை தூக்கு, கொட்டு, கலவை போடு. ஒரு வெயில் காலத்திலேயே உள்ளங்கை இரண்டும் வெடித்துவிட்டது. சோற்றைப் பிசைந்தால் குழம்பின் காரம் வெடிப்புக்குள் இறங்கும். அதனால் ஸ்பூனால் சாப்பிடுவான்.

"துரை வந்துட்டாருப்பா. ஸ்பூன் எடுத்து வைய்யி" என்பார் கேம்ப் சமையல்காரர்.

அவனும் சிரிப்பான். ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவி, துணி சுற்றிக்கொண்டு படுப்பான். மேல் கட்டிலில் அவன் புரளும் சத்தம் எனக்குக் கேட்கும்.

ஊருக்குள் கடல் நுழைகிற கிரீக் ஓரமாக பாய் கடை வைத்திருந்தார். அரிசி, சோப்பு, பீடி, தூண்டில் முள், நரம்பு எல்லாம் கிடைக்கும். அந்த அரபி அங்கே முள் வாங்க வருவார். அவருடைய படகுக்கு ஆள் இல்லை. கூண்டு போட்டு மீன் பிடிக்க யாராலும் முடியும், தூண்டிலில் களவா மீன் ஏற்றுகிற ஆள் வேண்டும் என்று பாயிடம் சொல்லியிருக்கிறார். அங்கே அதை ஹமூர் என்பார்கள். பாய் நம் ஆளைப் பற்றிச் சொன்னார்.

அரபி யோசித்து ஒரு வார்த்தை சொன்னார். ஒரு வெள்ளிக்கிழமை, ஒரே ஒரு தடவை, அவர் கூட வந்து உட்கார்ந்து பார்ப்பார். காலையோ மாலையோ, நேரத்தை அவனே சொல்லட்டும். களவா ஏறினால் கான்ட்ராக்டரிடம் பேசி அவனைப் படகுக்கு எடுத்துக்கொள்வார். ஏறாவிட்டால் கலாஸ். அவன் சிமெண்டுக்கே போகலாம்.

அந்த வாரம் முழுக்கக் கேம்ப்பில் இதே பேச்சு.

"விடியக்கால போடா. மீனு அப்பத்தான் முழிக்கும்" என்றார் சமையல்காரர்.

"நீங்க எப்ப முழிக்கிறீங்களோ அப்பவே மீனும் முழிக்குமாண்ணே?"

"பின்ன? பசின்னா எல்லாருக்கும் ஒரே பசிதான்."

"உங்க சோத்தத் தின்னா அதுக்கும் பசி அத்துப்போயிரும்" என்றான் நாகப்பட்டினத்துக்காரன். எல்லோரும் சிரித்தார்கள். சமையல்காரர் கரண்டியை ஓங்கினார்.

என்னிடம் மட்டும் அவன் விளக்கிச் சொன்னான். விளக்கை அணைத்துப் படுத்த பிறகு, மேலிருந்து குரல் மட்டும் வரும்.

"அண்ணே, களவா பாறைப் பொந்துல கெடக்கும். தண்ணி ஓடுனா வெளிய வராது. தண்ணி ஏறி, அப்படியே நிக்கும் பாருங்க, ஏறவும் மாட்டாம எறங்கவும் மாட்டாம. அப்பத்தான் வாசலுக்கு வரும்."

"தண்ணி நிக்குமா?"

"நிக்கும்ணே. கொஞ்ச நேரம்."

எனக்கு அதை நினைத்துப் பார்க்கப் பிடித்திருந்தது. அவ்வளவு பெரிய கடல் கொஞ்ச நேரம் சும்மா நிற்பது. அதை நினைத்துக்கொண்டே தூங்கிவிடுவேன்.

நிற்கிற நேரத்தைக் கண்டுபிடிக்க ஒரு கணக்கு இருந்தது. படகு கட்டுகிற ஜெட்டியில் வலை தைக்கிறவர்களிடம் அரைகுறை இந்தியில் கேட்டுத் தெரிந்துகொண்டான். அரபி மாதத்தில் பிறை ஆறு அன்று, பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்கிறபோது தண்ணீர் ஏறி நிற்கும். மறுநாள் அதைவிட ஒரு பானைச் சோறு வேகிற நேரம் பிந்தும். அதற்கு அடுத்த நாள் இன்னொரு பானை. காலையிலும் ஒரு தடவை தண்ணீர் நிற்கும். ஆனால் அது வற்றி நிற்பது. அதில் களவா வராது. அதனால் மாலை என்று முடிவு செய்தான்.

ஊரில் என்றால் அமாவாசையிலிருந்து விரல் விட்டு எண்ணிச் சொல்லியிருப்பான். சைட்டுக்கு வந்தபின் அவனுக்கு நாள் கணக்கே விட்டுப்போயிருந்தது. வியாழக்கிழமை டியூட்டி முடிந்து நேரே பாய் கடைக்குப் போனோம்.

"பாய், நாளைக்குப் பிறை எத்தன?"

பாய் ஒருவருக்குப் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார். சுவரில் தேதி கிழிக்கிற காலண்டர் தொங்கியது. ஊரிலிருந்து யாரோ பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தது. மேல் தாளை விரலால் தூக்கி, அடுத்த தாளின் அடியில் பொடி எழுத்தைப் பார்த்தார்.

"ஏழு."

"சரியாப் பாருங்க பாய்."

"ஏழுதான்ப்பா. எனக்குப் படிக்கத் தெரியாதா?"

ஏழு என்றால் அஸருக்குப் பிறகு ஒரு பானைச் சோறு. அதற்குள் இடத்துக்குப் போய்விட வேண்டும். மறுநாள் பாயும் அரபியும் ஜெட்டியிலேயே அஸர் தொழுதார்கள். உடனே படகை எடுத்தோம்.

கிரீக் வாயைத் தாண்டியதும் எனக்குச் சத்தமெல்லாம் குறைந்ததுபோல் இருந்தது. இன்ஜின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அது எங்கோ தூரத்தில் ஓடியது. கரை முழுக்கப் புழுதி மஞ்சள். பாதி கட்டின கட்டடங்கள், கிரேன்கள். நான் பலகை அடித்த கட்டடமும் அதில் இருந்தது. எது என்று தெரியவில்லை. நாங்கள் நகர்வதாகவே தோன்றவில்லை. ஊர்தான் எங்களை விட்டுவிட்டு மெதுவாகப் பின்னால் போனது. வானத்தில் பகலிலேயே பாதி நிலா இருந்தது. சுண்ணாம்பு தொட்டு வைத்த மாதிரி.

தண்ணீருக்கடியில் பாறை இருக்கிற இடத்தை நம் ஆட்கள் பார் என்பார்கள். அரபி கரையில் ஒரு மினாராவையும் ஒரு தண்ணீர்த் தொட்டியையும் பார்த்துப் பார்த்துப் படகைத் திருப்பி, பாருக்கு மேல் நிறுத்தினார். நங்கூரம் போட்டோம். கயிறு விறைத்து நின்றது. இன்ஜினை அணைத்தார்.

அவன் பழைய லுங்கியைக் கிழித்து உள்ளங்கையில் சுற்றினான். மத்தி மீனைத் துண்டு போட்டு முள்ளில் கோத்தான். ஈயக்குண்டு தண்ணீரைத் தொட்டது, போனது. போய்க்கொண்டே இருந்தது. நரம்பு நேராக இறங்கவில்லை. சாய்ந்து, படகுக்குப் பின்பக்கமாக ஓடியது.

"ஓட்டம் இருக்கு. இப்ப நின்னுரும்" என்றான்.

நிற்கவில்லை.

நான் தண்ணீர் மொண்டேன். வேறு வேலை இல்லை. வெயில் மிதமாக இருந்தது. படகு தொட்டில் மாதிரி ஆடியது. கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினேன் என்று நினைக்கிறேன். பெரம்பலூரில் கம்பங்கொல்லை காற்றில் அலைகிறது, நடுவில் நான் ஒரு டப்பாவோடு உட்கார்ந்திருக்கிறேன், சுற்றிலும் பச்சை. திடுக்கிட்டுப் பார்த்தால் பச்சை அப்படியேதான் இருந்தது. அது கடல்.

அவன் இரண்டு கெளுத்தி பிடித்தான். உள்ளங்கை நீளம்.

அரபி பார்த்தார். "ஹமூர் மாஃபி" என்றார். களவா இல்லையாம்.

"இப்ப வரும், இப்ப வரும்" என்று பாய் அரபியிலும் சொன்னார், தமிழிலும் சொன்னார்.

சோறு வெந்திருக்கும். ஆறியும் இருக்கும். நரம்பு இன்னும் சாய்ந்தே ஓடியது. அவன் முகத்தை நான் பார்க்கவில்லை. கையைத்தான் பார்த்தேன். துணியில் சிவப்பு ஊறியிருந்தது. இந்தக் கை நாளைக் காலை ஆறு மணிக்குச் சிமெண்ட் மூட்டையைத் தொட வேண்டும்.

"பாய்" என்றான், திரும்பாமல். "பிறை ஏழுதான?"

"காலண்டர்ல பாத்துத்தானப்பா சொன்னேன்."

"இவரக் கேளுங்க."

பாய் கேட்டார். அரபி நிலாவை அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. "தமானியா" என்றார்.

பாய் தலையில் அடித்துக்கொண்டார்.

"யா அல்லாஹ். எட்டாம்டா. இன்னிக்கு எட்டு."

"எப்படி பாய் எட்டு?"

"அது நம்மூருக் காலண்டராச்சே! இங்க பிறை ஒரு நாள் முந்தியில்ல! பெருநாளே இங்க தொழுது முடிச்சுட்டு, மறுநா ஊர்ல பெருநாளுன்னு ஊட்டு நெனப்புல உக்காந்திருக்கிறவன் நான். எனக்கு இது ஒறைக்கலியேப்பா!"

எனக்குப் பயமாக இருந்தது. அவன் திட்டுவான் என்று நினைத்தேன். அவன் கொஞ்சநேரம் நரம்பையே பார்த்தான். பிறகு சிரித்துவிட்டான்.

"அப்ப இன்னொரு பானை வேகணும். அவ்வளவுதான பாய்?"

"வேகட்டும்ப்பா. ஆனா மனுசன் பொழுதடஞ்சதும் மக்ரிபு தொழுகைக்குப் பள்ளிவாசல்ல இருக்கணும்னு சொல்லியிருக்கார்."

சூரியன் தண்ணீருக்கு மேல் இரண்டு ஆள் உயரத்தில் இருந்தது. அவன் நரம்பை இழுத்துச் சுற்றி வைத்துவிட்டான். ஓடுகிற தண்ணீரில் இரையை வீணாக்க வேண்டாம் என்றான். கெளுத்தியில் ஒன்றைத் துண்டு போட்டு வைத்துக்கொண்டான். பிறகு சும்மா உட்கார்ந்தான். அரபிக்கு அது பிடிக்கவில்லை. மீன் பிடிக்க வந்தவன் நரம்பைச் சுற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தால் யாருக்குத்தான் பிடிக்கும்?

பாய் அரபியில் நீளமாகப் பேசினார். காலண்டர், பெருநாள், சோறு எல்லாம் சொல்லியிருப்பார் போல. கையைக் கையை ஆட்டினார். அரபி கேட்டு முடித்தார்.

"யல்லா" என்றார், கிளம்பலாம் என்று. இன்ஜின் கயிற்றில் கையை வைத்தார்.

இழுக்கவில்லை.

அவர் பார்வை முன்னால் இருந்தது. நானும் திரும்பிப் பார்த்தேன். இவ்வளவு நேரம் கம்பி மாதிரி விறைத்திருந்த நங்கூரக் கயிறு தொய்ந்திருந்தது. மேலும் தொய்ந்தது. பிறகு நேர் கீழே தொங்கியது. படகோடு உரசிக்கொண்டிருந்த தண்ணீரின் சத்தம் நின்றுவிட்டது. அது நிற்கிறவரை அப்படி ஒரு சத்தம் இருந்ததே எனக்குத் தெரியாது.

கடல் நின்றுவிட்டது.

அதை எப்படிச் சொல்வது? எண்ணெய் மாதிரி ஆகிவிட்டது. மேலே பாதி நிலா, கீழே இன்னொரு பாதி நிலா. மூச்சு விட்டால் கலைந்துவிடும் என்று நான் டப்பாவைக்கூட மெதுவாகக் கீழே வைத்தேன். அரபி கயிற்றிலிருந்து கையை எடுத்தார்.

அவன் நரம்பை விட்டான். ஈயக்குண்டு நேராக, கிணற்றில் வாளி இறங்குகிற மாதிரி இறங்கியது. தட்டியது. ஒரு சாண் தூக்கினான். காத்திருந்தான்.

நரம்பு ஒரு இழுப்பு இழுத்தது. அவன் எழுந்துவிட்டான். இழுத்தான், விட்டான், இழுத்தான். பிறகு நரம்பு அசையவில்லை.

"பொந்துக்குள்ள பூந்துருச்சு" என்றான். நரம்பு அறுந்து, வெறுமனே மேலே வந்தது. முள்ளும் இல்லை, ஈயமும் இல்லை.

அவன் இன்னொரு முள்ளும் ஈயமும் எடுத்தான். துணி விரலைத் தடுத்தது. அதை அவிழ்த்துப் போட்டுவிட்டு வெறுங்கையால் கட்டினான்.

சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. அரபி குனிந்து கடல் தண்ணீரை அள்ளி முகம் கழுவினார், கை கழுவினார், கால் கழுவினார். பாய் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தானும் கழுவினார். சூரியன் மறைந்ததும் அரபியும், அவருக்கு வலப்பக்கம் கொஞ்சம் பின்தள்ளி பாயும் நின்று படகிலேயே தொழ ஆரம்பித்தார்கள். படகு ஆடவே இல்லை. தரையில் நிற்பதுபோல் நின்றார்கள்.

அவர்கள் குனிந்திருந்தபோது நரம்பு இழுத்தது.

அவன் வாயைத் திறக்கவில்லை. என்னைக் கண்ணால் கூப்பிட்டான். நான் அவனுக்குப் பின்னால் போய் நரம்பைப் பிடித்தேன். சத்தமில்லாமல் இழுத்தோம். இந்தத் தடவை அவன் பொந்துக்கு விடவில்லை. நரம்பில் அவன் கை ரத்தம் என் கைக்கு வந்தது. வழுக்கியது. மேலே பெரிய வாய் ஒன்று வந்தது. பழுப்பு நிறம், புள்ளி புள்ளியாக, ஒரு குழந்தை கனம் இருக்கும். அது பலகையில் அடித்துச் சத்தம் போடாமல் இருக்க நான் என் சட்டையைக் கழற்றி அதன்மேல் போட்டு, மேலே படுத்துக்கொண்டேன். என் வயிற்றுக்கடியில் அது துடித்தது. தொழுகிறவர்கள் திரும்பவில்லை. அவன் மறுபடி நரம்பை விட்டான்.

தொழுது முடித்து இரண்டு பக்கமும் சலாம் சொல்லித் திரும்பிய அரபி, சட்டையில்லாமல் குப்புறப் படுத்திருந்த என்னைப் பார்த்தார். என்னை ஒரு கையால் தள்ளிவிட்டு, சட்டையைத் தூக்கிப் பார்த்தார்.

பிறகு நங்கூரக் கயிறு மறுபடி விறைக்கிறவரை இருந்தோம்.

ஜெட்டியில் விளக்கு போட்டிருந்தார்கள். படகைக் கட்டியதும் அரபி அவனுடைய இரண்டு கையையும் பிடித்து விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"சைட் கலாஸ்" என்றார்.

"சிமெண்ட் முடிஞ்சுதுங்கிறாருப்பா" என்றார் பாய்.

"புரிஞ்சிச்சு பாய்" என்றான் அவன். களவாக்களைத் தூக்கிப் பலகையில் வரிசையாக வைத்தான்.

மூன்று.