சியோலுக்கு வழி சொல்லும் அண்ணை

நாளை சியோலுக்குப் பயணம். மிளகாய்த்தூள் வாங்க லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் உள்ள தமிழ்க் கடைக்கு வந்தால், கடைக்கார அண்ணை ஆலோசனையையும் இலவசமாக அளக்கிறார்.

"எங்கட போன் மேப் அங்க நடக்கிற வழியைச் சரியாக் காட்டாது. அவையின்ர மேப்பைப் போடுங்கோ. ரயிலில வயசானாக்களின்ர சீட்டில இருக்காதேங்கோ. டிப்ஸ் குடுத்தா வாங்க மாட்டினம்."

கொரியாவையே கட்டி ஆண்டவர் மாதிரிப் பேசுகிறார்.

"எத்தனை தரம் போனீங்கள், அண்ணை?"

"நான் போகேல்லை. மகள் அங்கதான். எங்களைக் கேக்காமல் கொரியப் பெடியனைக் கலியாணம் முடிச்சவள். 'எப்ப வாறீங்கள், அப்பா' எண்டு கேட்டு, எல்லாத்தையும் போனில சொல்லுவாள்."

"அப்ப போகலாம்தானே?"

"கடையை ஆர் பாக்கிறது?" என்று தூள் பையை நீட்டுகிறார்.

நியாயமான கவலைதான். நான் வந்ததிலிருந்து இந்தக் கடைக்குள் வேறு ஒருவரும் நுழையவில்லை.