எந்த இடியாப்பத்துக்கு எந்தச் சால்னா

இடியாப்பக் கடையில் பரிமாறுகிறவனுக்குக் கையைவிட வாய்தான் முதலில் ஓயும். தட்டுத் தூக்கித் திட்டு வாங்கியவர்கள் உங்களில் யாராவது இருந்தால் நான் சொல்வது புரியும்.

ரெண்டாம் உலகச் சண்டைக்குக் கொஞ்சம் முந்தி, மாசி வீதிக்குப் பின்னாலிருந்த சந்தில் ராவுத்தர் ஒருத்தர் கடையில் சேர்ந்தேன். அங்கே சமையல் காசிம் பாய். என்னைவிட மூணு வயசு இளையவர்தான். ஆனால் அடுப்பு முன்னால் நின்றுவிட்டால் முதலாளியே குரலைத் தணித்துத்தான் பேசுவார்.

பாயிடம் மூணு அச்சு இருந்தது. ஊசிக்கண் அச்சில் பிழிந்த மெல்லிசுக்குத் தேங்காய்ப்பாலும் சீனியும். நடுத்தரத்துக்கு ஆட்டுக்கால் பாயா. தடிசுக்குக் கறிச் சால்னா. மாற்றிக் கேட்டால் கிடையாது. அந்தக் கிடையாதைச் சொல்கிற வேலை என் தலையில்.

ஜவுளிக்கடைக்காரர்

தெருமுனை ஜவுளிக்கடைக்காரர் ஒருநாள் மெல்லிசில் சால்னா ஊற்றச் சொன்னார். பெரிய மனுஷர், இல்லையென்று சொல்ல எனக்கு நா எழவில்லை. பாய் மாவு பிசைகிற நேரமாகப் பார்த்து ஊற்றிக் கொடுத்துவிட்டேன். நாலு வாய்க்குள் தட்டில் இருந்தது கூழ். மனுஷர் அதை விரலால் வழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பாய் எட்டிப் பார்த்தார். அந்தத் தட்டை எடுத்துவிட்டுத் தடிசு நாலு வைத்து, மேலே சால்னா விட்டுக் கொண்டுவந்து வைத்தார். இழை இழையாகச் சாறு ஏறியிருந்தும் ஒன்றோடு ஒன்று ஒட்டவில்லை. ஜவுளிக்கடைக்காரர் கை கழுவிவிட்டு என்னிடம் சொன்னார்: "அண்ணே, நான் கேட்டதைக் கொடுத்தது நீங்க. எனக்கு வேணுங்கிறதைக் கொடுத்தது அவரு."

ஆனையூர்க்காரர்

ஆனையூரிலிருந்து ஒரு சம்சாரி வந்தார். மனைவி காய்ச்சலில் கிடக்கிறாள், ஒன்றும் இறங்கவில்லை, எது இருந்தாலும் பொட்டலம் கட்டுங்கள் என்றார். தடிசு மட்டும்தான் மிச்சம். நான் கட்டவே ஆரம்பித்துவிட்டேன். பாய் தடுத்துவிட்டார். அணைத்த அடுப்பை மறுபடி மூட்டி, ஊசிக்கண் அச்சை மாட்டி ஆறே ஆறு பிழிந்தார். பாலைச் சேர்க்காமல் தனியாகச் சொம்பில் கொடுத்து, "இங்கேயே ஊத்துனா ஊருக்குப் போறதுக்குள்ள மாவாயிரும், வீட்டுல போய் ஊத்துங்க" என்றார்.

மறுநாள் சொம்பைத் திருப்பிக் கொடுக்க வந்தவர் வாசலிலேயே நின்று சொன்னார்: "தின்னுட்டு, இன்னும் இருக்கான்னு கேட்டா பாய். அவ வாயைத் திறந்து ஒண்ணு கேட்டு எம்புட்டு நாளாச்சு தெரியுமா?"

சோளம்

அப்புறம் சண்டை மூண்டு அரிசிக்குத் தட்டுப்பாடு வந்தது. கிடைத்தது சோளம்தான். ஊசிக்கண்ணில் பிழிந்தால் உதிர்ந்தது. தடிசில் பிழிந்தால் சால்னாவை மொத்தமாகக் குடித்துவிட்டு அப்புறமும் வறட்சியாக உட்கார்ந்திருந்தது. வாடிக்கை பாதியாகக் குறைந்தது. முதலாளி கூப்பிட்டு, "வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்போம். ஆள் வரலேன்னா கடையைச் சாத்திருவோம்" என்றார். கடை போனால் கீழக்குயில்குடிக்குப் போய் மாமனார் கிணற்றில் கமலை இறைக்க வேண்டியதுதான். மாமனாரை நினைத்தாலே எனக்குக் காய்ச்சல் வரும்.

மூணு நாள் பாய்க்கு அச்சும் சோளமாவும்தான் வேலை. பிழிவார், தின்பார், தூரப் போடுவார். வியாழக்கிழமை தங்கச்சி வீட்டிலிருந்து ஓலை முறுக்கு சுடுகிற அச்சை வாங்கி வந்தார். சோளமாவு அதில் பட்டை பட்டையாக, உடையாமல் இறங்கியது. சால்னாவை விட்டுவிட்டு, எலும்பு போட்டுப் பருப்பைக் கெட்டியாகக் கடைந்த தால்ச்சாவை மேலே விட்டார். அது உள்ளே இறங்காமல் பட்டையிலேயே ஒட்டி நின்றது. நான் ஒரு வாய் தின்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, காரத்தால் என்று சொல்லிச் சமாளித்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் முதல் ஆளாக வந்தவர் ஒரு ஜட்கா வண்டிக்காரர். எங்கள் கடைச் சோளத்தைத் தெருவெல்லாம் ஏசித் திரிந்தவரே அவர்தான். பேசாமல் தின்றார். பேசாமல் கை கழுவினார். பேசாமல் போயும்விட்டார். முதலாளி என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். பாய் மட்டும் அடுத்த ஈட்டைப் பிழிந்துகொண்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் சந்து முனையில் குதிரைகள் வந்து நிற்கிற சத்தம். வண்டிக்காரர் இன்னும் ஆறு வண்டிக்காரர்களைக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தார். அவர்களில் ஒருத்தர் சால்னா கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் முதலில் வந்துபோன நம்ம ஆள் அவர் தோளை அழுத்தி உட்கார வைத்தார்: "மாப்ள, இந்தப் பட்டைக்குத் தால்ச்சாதான். மாத்திக் கேக்குறதா இருந்தா வேற கடைக்குப் போ."

கடை பிழைத்தது முழுக்கக் காசிம் பாய் கையால்தான், என் பங்கு தட்டைக் கவிழ்க்காமல் கொண்டுபோய் வைத்தது, அதிலும் ரெண்டு தடவை கவிழ்த்துவிட்டேன்.