ஜெராக்ஸ் அக்கா சொன்ன சாட்சி

கல்லூரி வாசலுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவரை எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பத்தாவதோடு படிப்பை விட்டவர். ஆனால் பிரின்ட் எடுக்க வரும் கட்டுரைகளை ஒரு வரி விடாமல் படித்துவிடுவார்.

கொஞ்ச நாளாக அதில் சுவாரசியம் இல்லை. "என்னப்பா, எல்லாரும் ஒரே மாதிரி எழுதுறீங்க?" என்று கேட்டதற்கு, ஒரு மாணவன் செயற்கை நுண்ணறிவு நொடியில் எழுதித் தருவதைப் போனில் காட்டினான். அக்கா உதட்டைப் பிதுக்கினார்.

ஒருத்தி மட்டும் வேறு. குடிநீர்க் குழாய்களைப் பற்றிய தன் கட்டுரையை நான்கு முறை பிரின்ட் எடுத்தாள். முதல் மூன்று முறையும் கடை ஸ்டூலிலேயே உட்கார்ந்து சிவப்புப் பேனாவால் அடித்துத் திருத்துவாள். பழைய தாள்களை அக்காவிடமே விட்டுவிடுவாள். பின்பக்கம் குறிப்பெழுத உதவும்.

ஒரு மதியம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தாள்.

"மெஷின் எழுதினதுன்னு சொல்லி எங்க சார் சைபர் போட்டுட்டாருக்கா. எவ்வளவு சொல்லியும் நம்பல."

அக்காவுக்குச் சுருக்கென்றது. பழைய தாள் கட்டைக் கிளறி, அவளுடைய மூன்று பிரதிகளையும் தேடி எடுத்தார். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு பேராசிரியர் அறைக்கே போய்விட்டார்.

"எதிர்க்கடை ஜெராக்ஸ் சார். இவ அடிச்சு அடிச்சு எழுதினதைக் கண்ணால பாத்தவ நான்."

பேராசிரியர் நிதானமாகப் புரட்டினார். பக்கமெல்லாம் சிவப்பு. அவர் முகம் இளகியது. திடீரென்று விரல் நின்றது.

"கடைசிப் பத்தியில மட்டும் மூணுலயும் ஒரு கீறல்கூட இல்லையே?"

அவள் தலை குனிந்தாள். "அதை மட்டும் மெஷின்கிட்ட கேட்டேன் சார். எப்படி முடிக்கறதுன்னு தெரியல."

அக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆனாலும் பின்வாங்கவில்லை.

"தப்புதான் சார். அந்தப் பத்திக்கு மார்க்கைக் கழிங்க. மொத்தத்தையும் ஏன் கழிக்கணும்?"

பேராசிரியர் சிரித்துவிட்டார். ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, முடிவை அங்கேயே எழுதச் சொன்னார். அவள் அரைமணி நேரம் திணறி ஆறு வரி எழுதினாள். கரடுமுரடாகத்தான் இருந்தது. கழித்ததுபோக அறுபத்திரண்டு போட்டார்.

"வேற யாரெல்லாம் இப்படிப் பண்றாங்கன்னு உங்களுக்குத் தெரியுமே?"

"தெரியும் சார். சொல்ல மாட்டேன். நான் கடை நடத்த வேணாமா?"

படியிறங்கும்போது அக்கா பொரிந்தார். "என்கிட்டயாவது முன்னாடியே சொல்லக் கூடாதாடி?"

"சொல்லியிருந்தா வந்திருப்பீங்களா?"

அக்கா இரண்டு படி யோசித்தார். "வந்திருப்பேன். இவ்வளவு வேகமா நடந்திருக்க மாட்டேன்."